எடுத்த எடுப்பில் இழந்துவிடும் சபை

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் சில வாரங்களுக்கு முன் வெளியான வாசகர் கடிதம் ஒன்றில், இன்றைய இளம் இசைக் கலைஞர்களுக்கு மேடையில் அமர்ந்தவுடன் சபையைத் தம் வசப்படுத்தத் தெரிவதில்லை என்றும், கண்ணைக் கவரும் உடையும் விறுவிறுப்பான முதற் பாடலும் இருந்தால் இக்குறை தீர்ந்துவிடும் என்றும் எழுதப்பட்டிருந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் சங்கீதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கடிதத்தின் முற்பாதியை மனவருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பிற்பாதியை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. எங்கள் பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே சபையை இழந்துவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த இழப்பின் பெரும்பகுதி அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னரே, அவர்கள் கையில் இல்லாத காரணங்களால் நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பொறுப்பானவர்கள் விழா அமைக்கும் பெரியவர்களாகிய நாமே என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கீதம் பயின்றவர்களுக்கு ‘எடுப்பு’ என்பது பழகிய சொல். தாள வட்டத்தில் பாட்டுத் தொடங்கும் இடத்துக்கு அதுவே பெயர். தாளத்தின் முதல் அடியாகிய சமத்தில் எடுக்கும் பாட்டும் உண்டு. சமம் கடந்து அரை இடத்திலோ ஒன்றரை இடத்திலோ எடுக்கும் பாட்டும் உண்டு. எங்கே எடுப்பதாயினும் அந்த இடம் பிசகினால், பின்னர் எத்தனை அழகாகச் சங்கதி போட்டாலும் மிருதங்கக்காரரும் பாடகியும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கச்சேரி முழுவதற்கும் இப்படி ஓர் எடுப்பு உண்டு என்று நான் என் மாணவிகளுக்குச் சொல்வதுண்டு. அது முதற் பாட்டின் முதற் சொல்லில் தொடங்குவதில்லை. திரைக்குப் பக்கத்திலிருந்து பாடகி சபைக்குத் தெரியும் அந்தக் கணத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இது வெறும் ஆசிரியைப் பேச்சு அல்ல. ஜெர்மனியின் ஹனோவர் நகரத்து இசைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளாட்ஸ், கோப்பீஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் வயலின் கலைஞர்கள் மேடைக்கு நடந்து வரும் காட்சிகளை மட்டும் பலருக்குக் காட்டி ஆராய்ந்து, 2013இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். நடை, தலையசைப்பு, சபையை நோக்கும் பார்வை, கால்களை ஊன்றி நிற்கும் விதம் ஆகியவை ஒழுங்காக அமைந்தவரின் வாசிப்பைத் தொடர்ந்து கேட்க வேண்டும் என்ற விருப்பம், வில் தந்தியைத் தொடும் முன்னரே பார்ப்பவர்களுக்கு ஏற்பட்டுவிடுகிறது. அதே ஆண்டில் சியா-ஜுங் சாய் என்ற ஆய்வாளர் வெளியிட்ட முடிவு என்னைப் போன்றோருக்கு இன்னும் கசப்பானது. சர்வதேசப் போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரின் சில விநாடிக் காட்சிகளைக் கொடுத்து, வென்றவர் யார் என்று கேட்டபோது, ஒலியைக் கேட்டவர்களைவிட ஒலியே இல்லாத படத்தைப் பார்த்தவர்களே கூடுதலாகச் சரியான விடையைச் சொன்னார்கள். தேர்ந்த இசைக் கலைஞர்களும் இதற்கு விலக்கல்லர். காதுக்குத்தான் முதலிடம் கொடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே கண்ணால் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக ‘சுருதி, சுருதி’ என்று கத்திய தொண்டை இதை வாசித்தபோது சற்று அடைத்துக்கொண்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆகவே முதற் பார்வைக்கு வலிமை உண்டு என்பதில் அந்த வாசகரோடு எனக்குப் பிணக்கில்லை. அந்த முதற் பார்வையில் எங்கள் பிள்ளைகளை நாம் எந்தக் கோலத்தில் காட்டுகிறோம் என்பதே என் கேள்வி.

கடந்த ஆண்டு நவராத்திரிக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் மண்டபத்தையும் அமைப்பையும் குறிப்பிடாமல் விடுகிறேன். குறிப்பிட்டால் அந்த ஒருவரின் குறையாக மட்டும் அது வாசிக்கப்பட்டுவிடும். என்னிடம் ஒன்பது வயதிலிருந்து கற்ற மாணவி ஒருத்தி, பதினாறு வயதில் முதன்முறையாக முழுக் கச்சேரிக்கு அழைக்கப்பட்டிருந்தாள். அழைப்பிதழில் ஆறு மணி என்று இருந்தது. பிள்ளையும் தாயும் நாலரை மணிக்கே ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். மண்டபம் பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் பிரதம அதிதிக்கு மாலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஐந்தே முக்காலுக்குக் கதவு திறந்தபோது ஒலிபெருக்கிக்காரர் அப்போதுதான் வயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு அதிதிக்காகக் காத்திருப்பு, மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, அதிதியுரை, பொன்னாடை. கச்சேரி என்ற சொல்லுக்கு மாவட்டச் செயலகம் என்றும் எங்கள் நாட்டில் பொருள் உண்டு. வரிசையில் காத்திருப்பது அங்கேதான் வழக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

பிள்ளை மேடையில் ஏறியபோது மணி ஏழு ஐம்பது. மூன்று மணித்தியாலத்துக்கும் மேலாகத் தண்ணீரைத் தவிர ஒன்றும் அருந்தவில்லை. ஒரு மூலையில் நின்று குரலைச் சூடாக்கிக்கொள்ளவும் இடமில்லை. திரை ஒன்று இருந்தது, ஆனால் அதை இழுக்க ஆளில்லை. எனவே வயலின் தந்தி முறுக்குவதும், மிருதங்கத்தைக் கல்லால் தட்டுவதும், விரிப்பை இப்படியும் அப்படியும் இழுப்பதும் சபையின் கண்முன்னே பன்னிரண்டு நிமிடம் நடந்தன. நடுவில் அறிவிப்பாளர் அடுத்த வாரத்து அன்னதானத்துக்கு உபயகாரர்கள் தேவை என்று அறிவித்தார். பிறகு ஒலிவாங்கி கூவியது; முன்வரிசையில் இருந்த குழந்தை ஒன்று காதைப் பொத்திக்கொண்டு அழுதது. இலத்திரனியல் தம்புராவை மின்விசிறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டதால் அதன் ஓசை அவளுக்குக் கேட்கவே இல்லை. முதல் வரியின் மேல் சட்ஜத்தில் குரல் ஒரு மயிரிழை குறைந்தது. அந்த நேரம் பார்த்துப் பிரதம அதிதி இன்னொரு விழாவுக்குப் புறப்பட, அவரை வழியனுப்ப முன்வரிசை முழுவதும் எழுந்து போயிற்று. போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை.

நான்காவதாக அவள் எடுத்த தோடி ஆலாபனையை நான் என் ஆயுளில் மறக்க மாட்டேன். அதைக் கேட்க இருந்தவர்கள் அவளுடைய தாய், நான், பத்துப் பதினைந்து முதியவர்கள், தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெடியன். வாசலில் என்னைக் கண்ட ஒரு பெரியவர் அன்போடுதான் சொன்னார்: “பாவம் ரீச்சர், பிள்ளைக்குச் சபைக்கூச்சம் இன்னும் போகேல்லைப் போல.” அந்தப் பிள்ளைக்குச் சபைக்கூச்சம் என்பது என்னவென்றே தெரியாது.

அந்தப் பன்னிரண்டு நிமிடச் சுருதி கூட்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சபையில் இருப்போர் பலர் அதை வாத்தியக்காரரின் ஆயத்தமின்மை என்று எண்ணிக்கொள்கிறார்கள். மிருதங்கத்தின் இரு முகங்களும் தோல். தோல் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், ஈரம் குடித்தால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் அதே தோல் காய்ந்து இறுகிச் சுருதி ஏறிவிடும். கடலை மூன்று பக்கமும் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊரில், மாரி பிறக்கும் கார்த்திகையில் வீட்டில் சேர்த்து வைத்த வாத்தியம் டொக்யார்ட் வீதியைக் கடந்து வருவதற்குள்ளேயே இறங்கிவிடும் என்று என்னோடு வாசித்த மிருதங்க வித்துவான் ஒருவர் சொல்வார். தொப்பி எனப்படும் இடப்பக்கத்து முகத்துக்கு ரவையைக் குழைத்து அப்புவதும் வாசிக்கும் இடத்தில், வாசிக்கும் நேரத்தில்தான் செய்ய வேண்டிய வேலை. வயலினின் உலோகத் தந்தி மேடை விளக்கின் சூட்டில் நீண்டு சுருதி இறங்கும். புல்லாங்குழலோ அதே சூட்டில் உள்ளிருக்கும் காற்று வெப்பமேறுவதால் சுருதி ஏறும். ஒரே மேடையில், ஒரே விளக்கின் கீழ், ஒன்று ஏற மற்றது இறங்கும். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண்பிள்ளைக்கு இவை எல்லாவற்றையும் ஒரு புள்ளியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டுமானால், வாத்தியங்கள் அந்த மேடையிலேயே, அந்த விளக்குகள் எரிய, அரை மணித்தியாலமாவது இருந்து பழக வேண்டும். முன்கூட்டிக் கதவைத் திறந்துவிடாதவர்கள் அந்த அரை மணித்தியாலத்தைச் சபையின் முன்னிலையில் செலவழிக்கக் கலைஞரைக் கட்டாயப்படுத்துகிறார்கள்.

இதெல்லாம் புதிதாக நான் கேட்கும் சலுகையும் அல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வாசித்தவர்களுக்கு, மாதவி அரங்கில் தோன்றுவதற்கு முன் இளங்கோவடிகள் எத்தனை அடிகளை அரங்குக்கே செலவிடுகிறார் என்பது நினைவிருக்கும். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்கிறார். கோலின் அளவையும் பெருவிரல் இருபத்துநாலு என்று சொல்லிவிடுகிறார். உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு வாயில்கள். தூணின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாதபடி வைத்த விளக்குகள். மூன்று வகைத் திரைகள். வாத்தியக்காரர்கள் தத்தம் முறைப்படி அமர்ந்த பிறகே அவள் வலக்காலை முன்வைத்து ஏறி வலப்பக்கத்துத் தூணருகே சேர்கிறாள். குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின்னே முழவும் என்று ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒலிக்கின்றன. ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறும் சிறுமி அவள். என் மாணவியும் ஏழாண்டு பயின்றவள்தான். திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூல் இந்த அரங்கேற்று காதையின் விரிவாகவே எழுந்தது. அவர் நடந்த ஊரில் நாம் ஒரு திரையை இழுக்க ஆள் வைப்பதில்லை.

கோயிலுக்குள் வந்தால் வேறு காட்சி. எங்கள் கோணேசர் கோயில் கொடியேற்றத்திலும் தேரிலும் நாதஸ்வரக்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். ஊதும் சீவாளியை வாயில் ஈரப்படுத்திப் பதம் பார்ப்பதும், ஒன்று ஒத்துவராவிட்டால் நாதஸ்வரத்தில் தொங்கும் கொத்திலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டுவதும், தவில்காரர் விரல்களில் கூடுகளை இறுக்கிக்கொள்வதும் எல்லாம் மண்டபத்தின் ஓரத்தில், பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டை இராகத்தில் மல்லாரி என்னும் புறப்பாட்டு இசை எழும். அது எழுந்த கணத்தில், கோட்டை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர்களுக்கும் சுவாமி வெளிக்கிட்டுவிட்டார் என்று தெரிந்துவிடும். நடை தானாக வேகம் கொள்ளும். எவரும் அறிவிக்கவில்லை, எவரும் வரவேற்கவில்லை. அளவெட்டி பத்மநாதனும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியும் வாழ்ந்த காலத்து நாதஸ்வர தவில் மரபு எங்கள் நாட்டில் இன்னும் உயிரோடு இருப்பதற்கு, அந்தக் கலைஞர்களின் மேதைமையோடு, கோயிலில் அவர்களுக்கு முன்னே வரவேற்புரை ஆற்றுவோர் இல்லை என்பதும் ஒரு காரணமோ என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றும்.

இனி, விறுவிறுப்பான முதற் பாட்டு என்ற ஆலோசனையைப் பற்றி. இதில்தான் அந்த வாசகரோடு எனக்கு முழு முரண்பாடு. இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையை வகுத்தவர் என்று போற்றப்படும் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வர்ணத்தைக் கச்சேரியின் தொடக்கத்தில் நிலைநிறுத்தினார். வர்ணம் என்பது பயிற்சிக் காலத்திலிருந்தே நாள்தோறும் பாடிப் பாடித் தொண்டையில் ஊறிப்போன உருப்படி. அது கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம் வரை குரலை உலாவ விடும். இரண்டு காலங்களில் பாடும்போது மூச்சையும் தாளத்தையும் பக்கவாத்தியக்காரரின் கையையும் ஒருங்கே பரிசோதித்துவிடும். அதாவது, சபைக்குக் கலைஞரை அறிமுகப்படுத்தும் அதே பத்து நிமிடத்தில் கலைஞருக்கு மேடையையும் அறிமுகப்படுத்திவிடுகிறது. போன மாதம் பாடமான துரித காலக் கிருதியை முதலில் வைத்தால், பிள்ளை அடுத்த வரியை நினைப்பாளா, மிருதங்கத்தைக் கேட்பாளா, ஒலிவாங்கியோடு போராடுவாளா?

நான் என் மாணவிகளுக்கு இன்னொரு வழியும் சொல்லிக் கொடுப்பதுண்டு. வர்ணத்துக்கும் முன்னதாக, ஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தில் ஒரு பாடலை விருத்தமாக, தாளமின்றிப் பாடச் சொல்வேன். எங்கள் ஊர்ச் சபைக்கு அது சொந்தப் பாட்டு. மூன்றாம் திருமுறையில் எங்கள் மலையும் எங்கள் கடலும் வரும் பாட்டு. பாடுபவருக்கோ தாளத்தின் நெருக்கடி இல்லாமல் சுருதியில் குரலை மெல்ல ஊன்றிக்கொள்ளக் கிடைக்கும் இரண்டு நிமிடம். வயலின்காரர் ஒவ்வொரு சொல்லின் முடிவையும் பிடித்துத் திருப்பித் தருவார். அந்த இரண்டு நிமிடத்தில் அரங்கம் அமைதியாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உரத்துத் தொடங்கினால் பேசிக்கொண்டிருப்பவர் இன்னும் உரத்துப் பேசுவார். மெல்லத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் அவரைத் திரும்பிப் பார்ப்பார்.

ஒலி அமைப்பாளர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஆனால் அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஒரே இரவில் மூன்று இடங்களில் பெட்டி கட்டி அவிழ்ப்பவர்கள் அவர்கள். கச்சேரி தொடங்கும் நேரத்தில் அழைத்துவிட்டு, ஏன் கூவுகிறது என்று கேட்பது நியாயமில்லை. ஒலிவாங்கி கூவுவதற்குக் காரணம் எளிது. ஒலிபெருக்கியிலிருந்து வந்த ஓசையையே ஒலிவாங்கி மறுபடி வாங்கி, மறுபடி பெருக்கி, சுழன்று சுழன்று ஒரே சுரத்தில் வீறிடுகிறது. ஒலிபெருக்கிகள் பாடகரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மேடையில் அது நடந்தே தீரும்; பாடகருக்கு முன்னே, சபையை நோக்கி வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வாய் ஒலிவாங்கியிலிருந்து இருமடங்கு தூரம் விலகினால் அதற்குப் போய்ச் சேரும் ஒலியழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால், தலையை ஆட்டி ஆட்டிப் பாடும் பிள்ளையின் பாட்டு அலை போல எழுந்து விழும். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் ஆசிரியர். அந்தக் குறையை என் மீதே போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் மேடையில் இருப்பவருக்குத் தன் குரலும் தம்புராவும் கேட்க ஒரு சிறிய ஒலிபெருக்கி முன்னால் வேண்டும் என்பதை எத்தனை முறை கேட்டாலும், சபைக்கு நன்றாகக் கேட்கிறதே என்ற பதில்தான் வருகிறது. தன் குரல் தனக்குக் கேட்காதவர் தம்மையறியாமல் உரத்துப் பேசுவார் என்பதை லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது வைத்தியர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்காட்டிவிட்டார். பாடகியும் அப்படித்தான்: கேட்காதபோது கத்துவாள், கத்தினால் சுருதி விலகும், மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டும். வெறுமையான மண்டபத்தில் சரிபார்த்த ஒலி, ஆட்கள் நிறைந்தபின் மங்கிவிடும் என்பதும் உண்டு, ஏனெனில் மனித உடலும் உடையும் ஓசையை உறிஞ்சும். அதற்காகச் சரிபார்ப்பதையே கைவிட முடியாது. ஒலி அமைப்பாளர் முதற் பாட்டு முடியும் வரை தன் பெட்டியை விட்டு வெற்றிலை வாங்கப் போகாமல் இருந்தால் போதும்.

மெல்லிசைக் குழுக்களில் இருக்கும் எங்கள் இளைஞர்கள் இந்த ஒரு விடயத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். உப்புவெளிப் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கு வாசிக்க வந்த பெடியன்கள் மாலை மூன்று மணிக்கே கீபோர்டையும் டிரம்ஸையும் பூட்டி, வெயிலில் நின்று ஒவ்வொரு வாத்தியமாகச் சரிபார்த்ததை நானே பார்த்தேன். கடற்காற்று மோதாதிருக்க ஒலிவாங்கிகளுக்கு ஸ்பொன்ஞ் உறை போட்டிருந்தார்கள். இரவு விளக்கு எரிந்ததும் ஒருவரும் ‘ஹலோ, மைக் ரெஸ்ட்’ என்று சொல்லவில்லை, நேரே பாட்டுத்தான். சாஸ்திரிய சங்கீதக்காரர்கள் இதைக் கற்றுக்கொள்ள ஏன் வெட்கப்பட வேண்டும் என்று தெரியவில்லை.

பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்ள வேண்டியவையும் உண்டு. மேடைக்கு ஏறும்போது சேலை மடிப்பையே பார்த்துக்கொண்டு ஏறுவது, அமர்ந்ததும் கைப்பேசியைத் தாளம் போடும் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாட்டுவரியை அதில் பார்ப்பது, ஒலிவாங்கிக்குள் தொண்டையைச் செருமுவது, பக்கவாத்தியக்காரரை ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்காமல் தொடங்குவது, முதற் பாட்டுக்கு முன்னரே ‘தொண்டை சரியில்லை, மன்னிக்கவும்’ என்று சொல்வது. கடைசியில் சொன்னதுதான் எனக்கு ஆற்ற முடியாதது. அதுவரை எவருக்கும் தெரியாத குறையைத் தேடச் சொல்லிச் சபையை ஏவிவிட்டு, பிறகு பாடுவதில் என்ன பயன்? என் குருநாதர் என் முதற் கச்சேரிக்கு முன்னர் பிற்பகலில் என்னை வெறும் மேடைக்கு அழைத்துச் சென்று, ஏறும் படியிலிருந்து அமரும் இடம் வரை எத்தனை அடி என்று நடந்து எண்ணச் சொன்னார். பதினொன்று. மாலையில் அதே பதினொன்றை நடந்தபோது, பழகிய வீட்டுக்குள் போவது போலத்தான் இருந்தது. உடையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் கட்டியிருந்தது அம்மாவின் பழைய காஞ்சிபுரம்.

போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரசல்ஸ் நகரின் எலிசபெத் மகாராணி பியானோப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வரும் பன்னிருவர் ஆறு இரவுகளில் இரண்டிரண்டு பேராக வாசிப்பார்கள். அதன் பல ஆண்டு முடிவுகளை ஆராய்ந்தவர்கள், வரிசை சீட்டுக் குலுக்கலால் அமைந்தபோதிலும் முதல் நாளில் வாசித்தவர்களுக்குக் கிடைத்த இடங்கள் பின்தங்கியிருந்ததை 1996இல் வெளிப்படுத்தினார்கள். எங்கள் விழாக்களில் நாம் எப்போதும் மிகச் சிறிய பிள்ளையை, அதுவும் சபை இன்னும் கதிரை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், முதலாவதாக ஏற்றுகிறோம். ‘சின்னப் பிள்ளைதானே’ என்பது நாம் சொல்லும் சமாதானம்.

இவ்வளவும் எழுதியபின், என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள் என்று விழா அமைப்பாளர்கள் கேட்பார்கள். அதிதிகளை அழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய கொடையால்தான் பந்தலும் மின்விளக்கும் வருகின்றன என்பது எனக்குத் தெரியும். விளக்கேற்றியவுடன் பாட்டைத் தொடங்க விடுங்கள். வர்ணமும் ஒரு கீர்த்தனையும் முடிந்தபின் அவர்கள் பேசட்டும். இசை கேட்டு இளகியிருக்கும் சபை உரைகளையும் கூடுதல் பொறுமையோடு கேட்கும்; இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அம்மன் கோயிலில் இப்படிச் செய்து பார்த்தார்கள், பேச வந்தவரே தன் உரையைச் சுருக்கிக்கொண்டு அடுத்த பாட்டைக் கேட்க உட்கார்ந்துவிட்டார். அதிதி இடையில் புறப்பட வேண்டியிருந்தால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டும் நேரத்தில் புறப்படலாம். அதை முன்கூட்டியே அவருடைய காதில் போட்டு வைக்க ஒருவரை நியமிக்கலாம். திரை இருக்கும் மண்டபங்களில் அதை இழுக்க ஓர் உயர்தர வகுப்பு மாணவன் போதும்.

என் மாணவிக்கு இந்த ஆண்டும் நவராத்திரியில் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அவள் தயங்குகிறாள், தாய் வேண்டாம் என்கிறார். நான் ஒப்புக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மிருதங்க வித்துவான் கல்லையும் ரவையையும் கொண்டு முன்னதாகவே வரச் சம்மதித்துவிட்டார், வயலின்காரரும் அப்படியே. விரிப்பை நானே கொண்டு வருகிறேன், தம்புராவும் என்னுடையது. அந்த விழாவை நடத்துபவர்கள் இக்கடிதத்தை வாசிக்க நேர்ந்தால், மண்டபத்தின் சாவியை மாலை நான்கு மணிக்கு வாசலில் எவரிடமாவது கொடுத்து வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைச் சங்கீத ஆசிரியை,
உவர்மலை,
திருகோணமலை.